மூன்றாம் பத்தி

என் பேரன் பிறந்த மூன்றாம் நாள், ஹூஸ்டனின் மேற்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனை அறையில், என் மகளிடம் ஒரு படிவத்தை நீட்டினேன். நான்கு பக்கம். எல்லாவற்றையும் நானே நிரப்பியிருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. சிசேரியன் வலியில் படுத்திருந்தவள் கண்ணைத் திறந்து, "என்னப்பா இது?" என்றாள்.

"ஒரு வசதிக்கு" என்றேன்.

போட்டாள். பேரன் அமெரிக்காவில் பிறந்ததால் அமெரிக்கக் குடிமகன். நான் நிரப்பிய படிவத்தால் சிங்கப்பூர்க் குடிமகனும் ஆனான். தாய் சிங்கப்பூர்க்காரி என்றால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளையைப் பதிவு செய்துகொள்ளலாம். யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. பதிவு செய்யாமல் விட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. படிவம் இருந்தது, பேனா இருந்தது, எனக்கு நேரம் இருந்தது.

முப்பத்தொரு வருடம் நான் சிங்கப்பூரில் தற்காப்பு சம்பந்தமான ஓர் அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்தேன். துப்பாக்கியைத் தொட்டதெல்லாம் என் இரண்டு வருட தேசிய சேவையில்தான். அதன் பிறகு என் ஆயுதம் கோப்பு. பதினெட்டு வயதுப் பையன்கள் எல்லோரும் இரண்டு வருடம் சேவை செய்ய வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஒத்திவைக்கவும் விலக்குத் தரவும் கேட்டு அவர்களின் பெற்றோர் எழுதும் கடிதங்கள் என் மேசைக்கு வரும். என் மேசையிலிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் போகும்.

இப்போது ஓய்வு. ஆண்டுக்கு ஐந்து மாதம், ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில், மகள் வீட்டில் இருப்பேன். விசா ஆறு மாதம் தரும். ஆறையும் எடுத்துக்கொள்பவனைத்தான் அடுத்த முறை குடிநுழைவு அதிகாரி நிறுத்தி வைத்துப் பேசுவார். நான் ஒரு மாதத்தை அரசாங்கத்திடமே விட்டுவிட்டு வருவேன். இதுவரை யாரும் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. பேரனுக்குச் சரியாகப் பதினாறரை வயது. தேசிய சேவைக்குப் பதிவு செய்துகொள்ளும்படி, மரியாதையான மூன்று வரிகள். நான் போன பிறகும் அலுவலகம் ஒழுங்காக நடக்கிறது என்று முதலில் ஒரு திருப்தி வந்தது. அதற்குப் பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை திருச்சிக்காரர். பைப்லைன் இன்ஜினியர். நல்ல மனிதர், உலக அரசியலில் ஆர்வம் உள்ளவர், அதாவது யூடியூப் பார்ப்பவர்.

"மாமா, இவன் இங்க பொறந்தவன். அமெரிக்கன். அவங்க எப்படிக் கூப்பிடலாம்?"

"கூப்பிடலாம்."

"அங்க அமெரிக்கக் கப்பல் வந்து நிக்குதுல்ல? வீடியோல பார்த்தேன். ஏதாவது ஆச்சுன்னா இவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

"கப்பல் நிக்கும். நிறுத்த இடம் குடுத்திருக்கோம். கூட்டாளியா ஒப்பந்தம் போடல."

"ஏன் போடல?"

"போட்டா அவங்க சண்டையெல்லாம் நம்ம சண்டை ஆயிடும்."

"போடாட்டி?"

"நம்ம சண்டைக்கு யாரும் வரமாட்டாங்க."

"அதுக்கு எம் புள்ளையா?" என்றார் மாப்பிள்ளை.

எங்கள் வெளியுறவுக் கொள்கையை இவ்வளவு சுருக்கமாக நான் கேட்டதில்லை. எங்கள் நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உள்ள தூரம், கேட்டியிலிருந்து ஹூஸ்டன் டவுன்டவுனுக்குப் போகும் தூரம்தான். மாப்பிள்ளை தினமும் காலையில் காபிக் கோப்பையோடு கிளம்பி, ஒன்பது மணிக்குள் எங்கள் நாட்டின் நீளத்தைக் கடந்துவிடுவார். அவ்வளவு சின்ன இடத்தை வைத்துக்கொண்டு, பெரியவர்கள் இருவர் முறைத்துக்கொள்ளும்போது இருவரோடும் சிரித்துப் பேச வேண்டும். இருவருக்கும் பொருள் விற்க வேண்டும். ஒருவர் பக்கமும் சாயாமல் இருக்க வேண்டும். அப்படி இருப்பதற்கு, நம்மைத் தொட்டால் தொட்டவனுக்கும் வலிக்கும் என்ற ஒரு ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாட்டின் மூலப்பொருள் பதினெட்டு வயதுப் பையன்கள். வேறு மூலப்பொருள் எங்களிடம் கிடையாது. மண்ணைக்கூட வெளியிலிருந்து வாங்குகிறோம்.

இதையெல்லாம் நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். சிக்கல் அங்கேதான் இருந்தது.

மகள் மறுநாளே விதிகளைப் படித்துவிட்டாள். அவளும் என் பெண்தான். சிறு வயதிலேயே குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்ட பையன்களுக்கு ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். சிங்கப்பூர்க் குடிமகனுக்குரிய சலுகைகளை அனுபவிக்காதவனாக இருந்தால், சேவையைத் தள்ளிப்போட்டு, இருபத்தொரு வயதில் குடியுரிமையைத் துறக்க மனுச் செய்யலாம். "அப்பா, இது இவனுக்குப் பொருந்துமில்ல?" என்று சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். முந்தின நாள் இல்லாத சந்தோஷம் அவள் குரலில்.

அவளே அலமாரியிலிருந்து பேரனின் ஆவணக் கோப்பை எடுத்தாள். கோப்பை அடுக்கி, பிரித்து, ஒட்டுச்சீட்டு வைத்தவன் நான். ஆகையால் தேடியது உடனே கிடைத்தது.

முதல் தாள், மருத்துவமனையில் கையெழுத்தான பதிவு. இரண்டாவது, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு. வருடா வருடம் வந்து இறங்கும்போது வரிசையில் நிற்க வேண்டாமே என்று நான் எடுத்துக் கொடுத்தது. மூன்றாவது, பள்ளிக்கூடக் கடிதம். பேரனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது எண்ணெய் விலை விழுந்து மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. மகளும் பேரனும் ஒரு வருடம் என் வீட்டில் வந்து இருந்தார்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஓர் இடத்தை, என் வீட்டுக்கு எதிரே இருந்த பள்ளியில், இரண்டே வாரத்தில் குடிமகன் என்ற முறையில் வாங்கிக் கொடுத்தேன். அன்று மகள் என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க இல்லாட்டி என்ன பண்ணியிருப்பேன்" என்றாள். அதை நான் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

மூன்று தாளையும் சமையல் மேடையில் வரிசையாக வைத்தாள்.

"இதுல எதையாவது நான் கேட்டேனா அப்பா?"

"இல்ல."

"எதுலயாவது நான் கையெழுத்துப் போடாம இருந்தேனா?"

"எல்லாத்துலயும் போட்டிருக்க."

"உங்களுக்கு இந்த விதி தெரியும்."

தெரியாது என்று சொல்லலாம். மறந்துவிட்டேன் என்றும் சொல்லலாம். அந்த விதியின் கடைசித் திருத்தத்தைப் பேசிய கூட்டத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். பிஸ்கட் நன்றாக இருந்தது. "தெரியும்" என்றேன்.

"போகாட்டி என்ன ஆகும்?"

"குற்றம். அந்த ஊர்ல இறங்கினா பிடிப்பாங்க."

"எத்தனை வருஷம் கழிச்சு?"

"அவங்க மறக்க மாட்டாங்க."

"அப்ப உங்க காரியத்துக்கு இவனால வர முடியாது."

"ஜூம்ல பாத்துக்கலாம்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. பேரன் மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. எழுந்து மேலே போய் டியூபா என்ற பெரிய பித்தளைக் குழலை ஊத ஆரம்பித்தான். அது ஊதப்படும்போது வீட்டின் கண்ணாடிகள் அதிரும்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். உயர்நிலைப் பள்ளி இசைக்குழுவில் டியூபா வாசிப்பவன். அமெரிக்கப் பள்ளிகளில் அந்தக் குழு நடந்துகொண்டே வாசிக்கும். மூன்று ஆகஸ்ட் மாதங்கள், டெக்சாஸ் வெயிலில், பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில், ஒரு ஆள் ஒலிபெருக்கியில் கத்தக் கத்த, பதினாறு கிலோ பித்தளையைத் தோளில் சுமந்து வரிசை மாறாமல் நடந்தவன். எங்கள் ராணுவத்தில் அவனுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. இதை மகளிடம் ஆறுதலாகச் சொன்னேன். ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்டினில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியலும் அங்கே உள்ள பெரிய இசைக்குழுவும்தான் அவனுடைய ஒரே ஆசை. இரண்டு வருடம் தள்ளிப் போனால் அந்த இடம் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

"நீங்கதானே அங்க இருந்தீங்க. நீங்களே எழுதுங்க" என்றாள் மகள்.

மேல்முறையீட்டை எழுத உட்கார்ந்தேன். இவ்வகைக் கடிதங்களை நான் படித்த அளவுக்கு வேறு யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆஸ்துமாக் கடிதம் உண்டு. ஒரே மகன் கடிதம் உண்டு. பையனின் திறமையால் நாட்டுக்கு எதிர்காலத்தில் வரப்போகும் பெருமையை முன்கூட்டியே கழித்துக்கொள்ளச் சொல்லும் கடிதம் உண்டு. தாத்தாவின் உடல்நிலையைக் குறிப்பிடும் கடிதங்களை நான் தனியாக ஒரு கோப்புத் தட்டில் வைப்பேன், ஏனென்றால் அந்தத் தாத்தாக்களில் சிலர் கடிதத்தைக் கொடுக்கத் தாங்களே நடந்து வருவார்கள். இவை எதுவும் இல்லாமல் ஒன்றேகால் பக்கம் எழுதினேன். ஒரு பெயரடை கிடையாது. இணைப்புகளுக்கு எண் போட்டேன்.

மகள் படித்துவிட்டு, "இதுல அழுகையே இல்லையேப்பா" என்றாள்.

"அழுதா மூணாவது தட்டுக்குப் போகும்."

"முதல் தட்டுல என்ன இருக்கும்?"

"நியாயமான காரணம் இருக்கிற கடிதம்."

"நமக்கு இருக்கா?"

"இல்ல" என்றேன்.

அவள் பெயரில் அனுப்பினோம். அனுப்பிய பிறகு, அன்று மாலை கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடிதத்தை மனதுக்குள் ஒரு முறை படித்தேன், இந்த முறை அதைப் பெறும் அதிகாரியாக. எழுதியவர் விவரம் அறிந்தவர் என்று குறிப்பெழுதினேன். நிராகரித்தேன். பிறகு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் விட்டேன்.

பதில் வருவதற்குள் நான் ஊருக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டேன், பேரனுக்குப் பதினெட்டு ஆயிற்று, ஆஸ்டினில் இடமும் கிடைத்தது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனான். டெக்சாஸில் அந்தப் படிவத்தை நிரப்பும் இளைஞனின் பெயர் தானாகவே அமெரிக்க ராணுவத்தின் கட்டாயச் சேவைப் பட்டியலுக்கும் போய்விடும். மாப்பிள்ளை அதைப் பற்றி ஒரு நிமிடமும் கவலைப்படவில்லை. கவலைப்படத் தேவையும் இல்லை. பெரிய நாடு பெயரை எழுதி வைத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். சின்ன நாடு எழுதி வைத்தால் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

ஒரு சனிக்கிழமை மதியம், சாப்பிட்டு முடித்துத் தட்டுகள் இன்னும் மேசையில் இருந்தபோது, பதில் வந்தது. மகள் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். ஒரு பக்கம். மாப்பிள்ளை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். முதல் பத்தி, கடிதம் கிடைத்தது. இரண்டாம் பத்தி, பரிசீலித்தோம். மூன்றாம் பத்திக்கு வந்தபோது நான் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

அது என்னுடையது.

பல வருடங்களுக்கு முன் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒவ்வொரு விதமாகப் பதில் போய்க்கொண்டிருந்தது. ஒருவருக்குப் பணிவு, ஒருவருக்குக் கண்டிப்பு, ஒருவருக்கு எழுத்துப்பிழை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு பத்தி எழுதுங்கள் என்று என் மேலதிகாரி சொன்னார். ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். நம் நாடு சிறியது, நம்மைக் காக்கும் கடமையை வேறு எவரும் நமக்காக ஏற்கமாட்டார்கள், ஆகவே ஒருவருக்குக் கொடுக்கும் விலக்கு இன்னொருவரின் மகன் மேல் சுமையாக இறங்கும் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். நடுவில் ஓர் அரைப்புள்ளி வைத்தேன். மேலதிகாரி அரைப்புள்ளியை எடுக்கச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அது இன்னும் அங்கேயே இருந்தது.

அந்தப் பத்தி முதன்முதலில் போனது ஓர் அம்மாவுக்கு. வாரா வாரம் வியாழக்கிழமை முகப்புக்கு வந்து நிற்பார். மகனுக்கு வயலின். லண்டனில் இடம் கிடைத்திருந்தது. கடிதத்தை அங்கேயே பிரித்து, நின்றபடியே இரண்டு முறை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, "உங்களுக்கும் ஒரு பேரன் பொறக்கட்டும் சார்" என்றார். நான் நன்றி சொன்னேன். அவருடைய கோப்பில், தாயார் கொள்கையைப் புரிந்துகொண்டார் என்று குறிப்பெழுதினேன்.

மாப்பிள்ளை படித்து முடித்தார். "எவனோ ஒருத்தன், பிள்ளை குட்டி இல்லாதவன் எழுதியிருக்கான் மாமா."

"நான்தான் எழுதினேன்" என்றேன். "மூணாவது பத்தி மட்டும்."

பேரன் கடிதத்தை அவன் அப்பாவின் கையிலிருந்து வாங்கிப் படித்தான். அவன் தமிழ் கேட்பான், ஆங்கிலத்தில்தான் பேசுவான். அவன் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"தாத்தா, இது நல்லாத்தான் இருக்கு."

"தேங்க்ஸ்."

"இதே லெட்டர் வேற பசங்களுக்கும் போயிருக்கா?"

"நிறைய பேருக்கு."

"அவங்கெல்லாம் போனாங்களா?"

"முக்கால்வாசி பேர்."

"நீங்க அந்த சீட்ல இருந்திருந்தா, எனக்கும் இதான் அனுப்பியிருப்பீங்களா?"

மகள் என்னைப் பார்த்தாள். இம்மாதிரிக் கேள்விகளுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியே உண்டு. நல்ல கேள்வி என்று ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு மனுவும் அதனதன் தகுதியின்படி என்று தொடரலாம். ஓய்வுபெற்றவன் கருத்துச் சொல்வது முறையல்ல என்று முடிக்கலாம். மூன்றும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன.

"ஆமா" என்றேன்.

"அவங்க என்னை விட்டிருந்தா?"

"சந்தோஷமா இருந்திருக்கும். வெக்கமாவும் இருந்திருக்கும்."

அவன் தலையை ஆட்டினான். கடிதத்தை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு மாடிக்குப் போனான். டியூபாச் சத்தம் வரவில்லை. மகள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சண்டை இல்லை, கத்தல் இல்லை. உறவு முறியவில்லை, தூதரை மட்டும் திரும்ப அழைத்துக்கொண்டாள். சோறு வரும், காபி வரும், மாத்திரை டப்பா ஞாயிற்றுக்கிழமை நிரம்பும். பேச்சு வராது. என் திரும்பும் டிக்கெட்டுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. முன்கூட்டிக் கிளம்பலாம் என்று நினைத்தேன். தேதி மாற்றும் நடைமுறை எனக்குத் தெரியும். மாற்றவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பேரனும் மாப்பிள்ளையும் காரில் ஆஸ்டினுக்குப் போனார்கள். பக்கத்து ஊரான ரவுண்ட் ராக்கில் மாப்பிள்ளையின் நண்பர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பினார்கள். பேரன் வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே செய்தியைச் சொன்னான். பல்கலைக்கழக அலுவலகத்தில் அவனே போய்க் கேட்டிருக்கிறான். ராணுவ சேவை என்றால் இடத்தை இரண்டு வருடம் வைத்திருப்பார்களாம். எந்த நாட்டு ராணுவம் என்று அவர்கள் கேட்கவில்லையாம்.

"அப்ப போறியா?" என்றார் மாப்பிள்ளை, காரில் நான்கு மணி நேரம் கூடவே வந்தவர்.

"போறேன். முடிச்சிட்டு, இருபத்தொண்ணுல எந்த நாடுன்னு நானே முடிவு பண்றேன்."

மகள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "யாராவது உன்னைப் போகச் சொன்னாங்களா?" என்று கேட்டாள். கேள்வி அவனிடம், பார்வை என்னிடம்.

"இல்லம்மா. அந்த ஊர்ல ஒரு வருஷம் படிச்சேன்ல. அந்த கிளாஸ் பசங்க எல்லாம் இந்த வருஷம் போறாங்க. அவ்ளோதான்." பிறகு என் பக்கம் திரும்பினான். "சனி ஞாயிறு லீவு விட்டா உங்க வீட்ல தங்கிக்கலாமா?"

"தாராளமா."

"ஒரு கண்டிஷன். என் பேர்ல நீங்க இனிமே எந்த ஃபார்மும் ஃபில் பண்ணக்கூடாது. பென்சில் மார்க்கூட வைக்கக்கூடாது."

ஒப்புக்கொண்டேன். எழுத்தில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான்தான் எழுதிக் கொடுத்திருப்பேன்.

அடுத்த ஞாயிறு காலை அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மருத்துவப் பரிசோதனைக்கான படிவத்தை நிரப்பினான். அச்செடுத்துக் கையால் நிரப்பி, படமெடுத்து அனுப்ப வேண்டிய படிவம். நான் எதிரே செய்தித்தாளோடு இருந்தேன். மகள் பக்கத்தில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பெயர் சரியாக எழுதினான். முகவரி சரி. பிறந்த தேதிக்கு வந்தான். அமெரிக்கப் பிள்ளை. மாதத்தை முதலில் எழுதி, நாளைப் பிறகு எழுதினான். எங்கள் ஊரில் நாள்தான் முதலில். மார்ச் எட்டில் பிறந்த என் பேரன், அந்தத் தாளின்படி ஆகஸ்ட் மூன்றில் பிறந்தவனானான்.

அந்தப் படிவம் திரும்பி வரும். கடவுச்சீட்டோடு ஒத்துப்போகவில்லை என்று ஓர் ஊழியர் சிவப்பு மையில் வட்டம் போடுவார், அல்லது இப்போது கணினி போடும். விளக்கம் கேட்பார்கள். குறைந்தது இரண்டு வாரம். வாயைத் திறந்தால் இரண்டு விநாடி.

செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே வானிலை இருந்தது. அதைப் படித்தேன்.

மகள் கீரையிலிருந்து கையை எடுத்திருந்தாள். அவளும் சிங்கப்பூரில் பள்ளிக்குப் போனவள். அவள் கண்ணும் அந்தக் கட்டத்தின் மேல்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். நான் எப்போது விரலை நீட்டுவேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பேரன் அடுத்த கட்டத்துக்குப் போனான், அதற்கடுத்த கட்டத்துக்கும் போனான், கையெழுத்துப் போட்டான், கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தான், அனுப்பினான்.

"முடிஞ்சுது" என்றான்.

"சரி" என்றேன்.

அவன் எழுந்து போனான். மகள் கீரைத் தண்டு ஒன்றை ஒடித்தாள்.

"அப்பா, காபி போடவா?" என்றாள்.

மூன்று வாரத்தில் முதல் வாக்கியம்.

"போடு" என்றேன்.